குன்னூர் எலிகள் சொன்னதும் சொல்லாததும்

உதகைக்குச் செல்லும் மலை இரயிலில் போகிறவர்கள் குன்னூரில் இறங்கினால், சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே பாஸ்டர் நிலையத்தைக் காணலாம். 1907-இல் தொடங்கிய அந்நிலையத்தை நாய்க்கடித் தடுப்பு மருந்து செய்த இடமாகவே பலரும் அறிவர். உணவுக்கும் நோய் எதிர்ப்பாற்றலுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய புகழ் பெற்ற சோதனைகளும் அங்கே நடந்தன. அவற்றைச் செய்தவர் இராபர்ட் மெக்காரிசன் என்னும் ஆங்கில அரசு மருத்துவர். தம் ஆராய்ச்சியின் சாரத்தை அவர் 1936-இல் இலண்டனில் மூன்று சொற்பொழிவுகளாக வழங்கினார். தொழிலாளர் உடல்நலம் பற்றிய பேச்சில் அவை இன்றும் மேற்கோளாக வருகின்றன. அவற்றில் எதை ஏற்கலாம், எதை ஏற்கலாகாது என்று நாம் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் அவருடைய பெருமையைச் சொல்லிவிடுவோம். 1918-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் புறாக்களுக்கு, நீராவி அழுத்தத்தில் சூடேற்றி உயிர்ச்சத்து அழிக்கப்பட்ட அரிசியை மட்டும் கொடுத்து வந்தார். புறாக்கள் நோயுற்று இறந்தன. உடல்களை அறுத்துப் பார்த்தபோது பல உறுப்புகள் சுருங்கியிருந்தன. எல்லாவற்றிலும் மிகுதியாகச் சுருங்கியிருந்தது தைமஸ் சுரப்பி. அச்சுரப்பியின் வேலை என்ன என்று அன்று எவருக்கும் தெரியாது. 1961-இல்தான் ஜாக் மில்லர் என்பவர், நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒரு முக்கிய வகை அங்கேதான் பக்குவமடைகிறது என்பதற்கு வழி காட்டினார். உணவு குறையும்போது உடலின் பாதுகாப்புப் படையின் பயிற்சிக்கூடமே சிதைகிறது என்பதை, அதன் பொருள் அறியப்படுவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே குன்னூர்ச் சோதனைச்சாலை பதிவு செய்துவிட்டது.

அடுத்தது எலிச் சோதனை. ஒரு கூட்டம் எலிகளுக்குப் பஞ்சாபின் சீக்கியர் உண்ணும் உணவு: முழுக்கோதுமைச் சப்பாத்தி, வெண்ணெய், பால், முளைகட்டிய பயறு, பச்சைக் காய்கள், எப்போதாவது சிறிது இறைச்சி. மற்றொரு கூட்டத்துக்கு இங்கிலாந்தின் ஏழைத் தொழிலாளி உண்ணும் உணவு: வெள்ளை ரொட்டி, செயற்கை வெண்ணெய், வேகவைத்த காய், டப்பா இறைச்சி, ஜாம், சர்க்கரை மிகுந்த தேநீர். முதற் கூட்டம் செழித்தது. இரண்டாம் கூட்டத்தின் வளர்ச்சி குன்றியது. நுரையீரல் நோயும் குடல் நோயும் மிகுந்தன. வலிய எலிகள் மெலிந்தவற்றைக் கொன்று தின்னவும் தொடங்கின. கிருமிகள் இரு கூட்டத்தையும் சுற்றி இருந்தன. வேறுபட்டது உணவுதான். இதிலிருந்து பெறப்படும் பாடம் உறுதியானது: எதிர்ப்பாற்றல் என்பது ஒரு புட்டியில் அடைத்து விற்கத்தக்க பொருள் அன்று. அது நாள்தோறும் உண்ணும் முழு உணவின் விளைவு. 'எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும்' என்று விளம்பரம் செய்யப்படும் டானிக்குகளுக்கு இதைவிட நல்ல மறுப்பு இல்லை.

இனிக் குறைகளுக்கு வருவோம்.

மெக்காரிசன் இந்தியாவின் பல பகுதி உணவுகளையும் எலிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டார். சீக்கியர் உணவு முதலிடம் பெற்றது. சென்னை மாகாணத்து உணவு கடைசியில் நின்றது. அவர் இதை இனங்களின் உடல் வலிமையோடு இணைத்துப் பேசினார். இங்கேதான் நாம் அவரோடு மாறுபட வேண்டும். அவ்வுணவுகளில் தானியம் மட்டுமா வேறுபட்டது? பால், வெண்ணெய், பயறு, காய் ஆகிய அனைத்தும் ஒரே நேரத்தில் வேறுபட்டன. பல காரணங்களைச் சேர்த்து மாற்றிவிட்டு விளைவை ஓர் இனத்தின் பெயரால் அழைப்பது அறிவியல் முறையாகாது. அவருக்குப் பின் குன்னூரில் தலைமையேற்ற ஆய்க்ராய்ட் இன்னும் நுட்பமாகப் பிரித்துக் கேட்டார். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள பி1 உயிர்ச்சத்து அரிசிக்குள் ஊடுருவுகிறது. ஆலையில் தீட்டினாலும் அதில் பெரும்பகுதி தங்குகிறது. அதே அரிசியைப் பலமுறை கழுவிக் கஞ்சியை வடித்துக் கொட்டினால் அச்சத்து குறைகிறது. ஆக, குறை அரிசி உண்ணும் மக்களிடம் இல்லை. ஆலையிலும் அடுக்களை வழக்கத்திலும் இருக்கிறது. அதைவிட மேலாக, பாலும் பயறும் வாங்க இயலாத வருமானத்தில் இருக்கிறது.

இரண்டாவது குறை இன்னும் பெரிது. எலி வேலைக்குப் போவதில்லை. இரு கூட்டங்களுக்கும் தூய கூண்டும் நல்ல நீரும் ஒன்றுபோல் கிடைத்தன. உணவின் விளைவை மட்டும் அறிய அது சரியான ஏற்பாடே. ஆனால் அந்த முடிவை அப்படியே தொழிலாளிக்குப் பொருத்த முடியாது. சோதனைச்சாலையைச் சுற்றியிருந்த தேயிலைச் சரிவுகளையே எடுத்துக்கொள்வோம். ஈர மண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்துக் கொக்கிப்புழு உள்ளே போகிறது. குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகிறது. ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதுபோல, தின்ற இரும்புச் சத்து வெளியேறுகிறது. உணவோடு கடுந்தேநீர் அருந்தும் பழக்கம், உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்பதையும் குறைக்கிறது. தொழிற்சாலைக்குள் தூசி வேறு. கல் உடைக்கும் இடங்களில் எழும் சிலிக்காத் தூசி நுரையீரலின் காவல் அணுக்களையே கெடுத்துக் காசநோய்க்கு வழி திறக்கிறது. அங்கே எத்தனை முட்டை தின்றாலும் தூசியைத் தடுக்காமல் பயனில்லை.

இலங்கையின் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நடந்த ஆய்வு 1979-இல் வெளியாயிற்று. இரத்தசோகை உள்ள பெண்களுக்கு இரும்புச் சத்து கொடுத்தபோது அவர்கள் முன்னிலும் மிகுதியாகக் கொழுந்து பறித்தார்கள். நல்ல செய்திதான். ஆனால் பலனை எடைத் தராசில் மட்டும் காண்பது போதுமா? பறித்த கொழுந்தின் எடை கூடியது தோட்டத்துக்கு ஆதாயம். அந்தப் பெண் அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சலின்றி இருந்தாளா என்பதும் கணக்கில் வரவேண்டிய கேள்வி அல்லவா?

1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடிநீர், கழிப்பிடம், குடியிருப்பு, மருத்துவ வசதி ஆகியவற்றை நிர்வாகத்தின் கடமையாக்கியது. 150 பேருக்கு மேல் வேலை செய்யும் தோட்டங்களில் உணவுச்சாலைக்கும் இடமளித்தது. சட்டம் எழுதியவர்கள் தைமஸைப் பற்றி எண்ணியிருக்க மாட்டார்கள். ஆயினும் எதிர்ப்பாற்றலின் தேவைகளை, சொற்பொழிவுகளைவிட அப்பட்டியலே முழுமையாகச் சொல்கிறது.

குன்னூர் உணவாராய்ச்சிக்கூடம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. மெக்காரிசனின் சொற்பொழிவுகளை மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். தட்டில் என்ன இருந்தால் உடல் நோயை எதிர்க்கும் என்பதை அவை தெளிவாகக் கற்பிக்கின்றன. அந்தத் தட்டை நிரப்பக் கூலி போதுமா, உண்டது உடலில் தங்கச் செருப்பும் கழிப்பிடமும் தூய காற்றும் உண்டா என்னும் கேள்விகளை எலிகளிடம் கேட்க முடியாது. அவற்றைத் தொழிலாளியிடந்தான் கேட்க வேண்டும்.