வேதநாயகம் சாஸ்திரியார்: அறிவியலும் சாதியும்

தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) தமிழ்க் கிறித்தவக் கீர்த்தனை மரபின் முன்னோடிகளுள் ஒருவர். அவருடைய பக்திப் பாடல்கள் இன்றும் தேவாலயங்களில் பாடப்படுகின்றன. அவர் அறிவியலைத் தமிழ்ச் செய்யுளுக்குள் கொண்டுவந்தவர் என்பதும், திருச்சபைக்குள் சாதி வழக்கத்தைக் காக்க எழுதியவர் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவரை முழுமையாக மதிப்பிட முடியும்.

பின்னணி

தரங்கம்பாடியில் 1706இல் தொடங்கிய ஹாலே மிஷனரிகளின் பணி, 1737இல் கடலூருக்கும் பின்னர் தஞ்சைக்கும் பரவியது. இவர்கள் தேவாலயத்தோடு பள்ளிக்கூடத்தையும் நிறுவினர். திருநெல்வேலியில் பிறந்த வேதநாயகம், சுவார்ட்ஸ் ஐயரின் அரவணைப்பில் தஞ்சையில் வளர்ந்தவர். மன்னர் இரண்டாம் சரபோஜியும் அதே ஆசிரியரிடம் பயின்றவரே.

குறவஞ்சிக்குள் வானியல்

சாஸ்திரியார் 1800இல் இயற்றிய நூல் ‘பெத்லகேம் குறவஞ்சி’. தலைவி உலா வரும் தலைவனைக் கண்டு காதல் கொள்வதும், குறத்தி குறி சொல்வதும், சிங்கன் பறவை பிடிப்பதும் குறவஞ்சி இலக்கணம். இங்கே தலைவன் இயேசு. பறவை பிடிப்பது ஆன்மாக்களைச் சபையில் சேர்ப்பதற்கு உருவகம். உலகப் புவியியலும், சூரியனை மையமாகக் கொண்ட கொப்பர்னிக்கசின் கோள் அமைப்பும் இந்நூலில் இடம்பெறுகின்றன. மக்கள் பழகிய பாட்டு வடிவிலேயே புதிய அறிவைத் தந்தது அவருடைய பெருஞ்சாதனை.

‘சாஸ்திரக் கும்மி’யில் அவர் சகுனம், நாள், நட்சத்திரம் பார்ப்பது போன்ற நம்பிக்கைகளைச் சாடுகிறார். வானம் கடவுள் வகுத்த ஒழுங்கில் இயங்குகிறது. ஆதலால் அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்பது அவருடைய நோக்கு. அறிவியலும் இறைநம்பிக்கையும் அவருக்கு முரண்பட்டவை அல்ல.

நான்கு முறையீடுகள்

1820களில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனரிகளோடு அவருக்குக் கடும் பிணக்கு ஏற்பட்டது. அவருடைய முறையீடுகள் நான்கு: பழகிய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், எல்லாச் சாதியாரையும் ஒன்றாக இருக்கச் சொல்கிறார்கள், திருமணங்களிலும் பண்டிகைகளிலும் பூக்களை விலக்குகிறார்கள், வழிபாட்டில் தமிழ் இசைப்பாட்டைத் தடுக்கிறார்கள்.

இவற்றுள் மூன்று நியாயமானவை. பூவும் பாட்டும் பழகிய வேதமொழியும் யாரையும் தாழ்த்துவதில்லை. சாதி வாரியான இருக்கையோ அதே ஆலயத்தில் அமர்ந்திருக்கும் இன்னொருவரைத் தாழ்த்துகிறது. சாஸ்திரியார் நான்கையும் ‘வழக்கம்’ என்ற ஒரே மூட்டையில் கட்டினார். சாதி உலகியல் சார்ந்த ஏற்பாடு, சமயத்துக்கு உட்பட்டதன்று என்பது அவர் தரப்பு வாதம். மிஷனரிகளும் அதே தவற்றைத்தான் மறுபக்கமாகச் செய்தனர். பூமாலையையும் சாதியையும் ஒரே ‘அஞ்ஞான வழக்கம்’ என்று கருதி இரண்டையும் ஒன்றாகவே விலக்க முனைந்தனர். பண்பாடு எது, அநீதி எது என்று பிரித்துப் பார்க்க இரு தரப்பாரும் தவறினர்.

சகுனத்துக்குச் சான்று கேட்ட கவிஞர், பிறப்பால் உயர்வு உண்டு என்பதற்கு ஏன் சான்று கேட்கவில்லை? ‘அந்தக் காலம் அப்படி’ என்பது போதிய விடையாகாது. சபையில் வேறுபாடு இல்லை என்ற பவுலின் போதனை அவர் நன்கறிந்தது. கேள்வியும் அவர் முன்னிலையிலேயே எழுந்தது. கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் 1833இல் சாதி வேற்றுமையைத் திருச்சபையிலிருந்து அறவே விலக்குமாறு ஆணையிட்டார்.

சிதம்பரத்தின் சாட்சி

இச்சிக்கல் கிறித்தவருக்கு மட்டும் உரியதன்று. சிதம்பரத்தைத் தரிசிக்க ஏங்கிய நந்தனாரின் கதையைக் கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனைகளாகப் பாடினார். அந்நூல் 1861இல் அச்சேறியது. அப்போது சாஸ்திரியார் முதுமையில் இருந்தார். தில்லையின் எல்லையில் நின்ற பக்தரின் துயரத்தை ஒரு சைவர் பாடிய அதே காலத்தில், கிறித்தவ ஆலயத்திலும் அதே எல்லை இருந்தது. ஆணைக்கு இணங்காத வெள்ளாளக் கிறித்தவர் பலர் லுத்தரன் சபையை நாடினர். கடலூரிலும் சிதம்பரத்திலும் பணியாற்றிய லைப்சிக் மிஷன் சாதி விஷயத்தில் பொறுமை காட்டும் கொள்கையுடையது. எனவே தஞ்சையில் எழுந்த வழக்கு இப்பகுதிக்கும் அயலானதன்று.

மதிப்பீடு

மிஷன் பணியை இழந்த சாஸ்திரியாருக்கு ஆதரவளித்தவர் இந்து மன்னரான சரபோஜி. தமிழ்ப் பாட்டுக்காக அவர் நின்ற உறுதி பாராட்டத் தக்கது. பின்னாளில் அந்தப் பாட்டு வென்றது; இன்று தமிழ்க் கீர்த்தனை இல்லாத தமிழ் ஆராதனை அரிது. பூக்களும் ஆலயத்துக்குத் திரும்பின. சாதியின் நிலை வேறு. சட்டத்திலும் சபை விதியிலும் அதற்கு இடமில்லை. ஆயினும் தமிழகத்தின் சில ஊர்களில் கிறித்தவக் கல்லறைத் தோட்டங்கள் இன்றும் சாதி வாரியாகப் பிரிந்து கிடக்கின்றன. ‘பெத்லகேம் குறவஞ்சி’யைப் படிக்கும் மாணவர் அதன் வானியலை வியக்கலாம். சகுனத்தைச் சோதித்த அந்த அறிவை நூலாசிரியர் எந்த வாசலில் நிறுத்திவிட்டார் என்பதையும் அவர்கள் கேட்க வேண்டும்.