ஏபிகே 1

வறண்ட பருவத்தில் இலைகளை உதிர்த்துவிட்டு மழைக்குக் காத்திருக்கும் சீத்தா, அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த மரம். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து மானாவாரி மண்ணோடு அது அழகாக ஒத்துப்போகிறது. அருப்புக்கோட்டை மண்டல ஆராய்ச்சி நிலையம் தந்த சீத்தா ரகம்தான் ஏபிகே 1.

சீத்தாப் பூவில் சூல்முடி முதலில் தயாராகும். மகரந்தம் பிறகே உதிரும். சிறு வண்டுகள்தான் பூவுக்குப் பூ அதைக் கொண்டுசேர்க்கும். அதனால் விதைக்கன்று தாய்மரத்தைப் போலவே காய்க்கும் என்று நம்ப முடியாது. தேர்ந்த மரத்தின் குணம் மாறாதிருக்க ஒட்டுக்கட்டுகிறார்கள்.

இப்படித் தேர்ந்தெடுத்த புதிய ரகத்தைப் பதிவுசெய்ய, 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம் புதுமை, தனித்தன்மை, சீர்மை, நிலைத்தன்மை நான்கையும் கேட்கிறது. மரத்துக்கு மரம் இலை, பழத்தின் கண், சதை, விதை என உற்றுப் பார்த்து வேறுபாடு காண்பது பெரிய கலை. சீத்தா வாங்கும்போது ரகத்தின் பெயரையும் கேட்போம். அந்த உழைப்புக்கு அது நாம் செய்யும் மரியாதை.