தோல் பதனிட்டவன் வீட்டு விருந்தினர்

விடுதலை என்ற சொல்லைப்போல் விலைமதிப்புள்ள சொல் வேறில்லை. அதைப்போல் மலிவாக விற்கப்பட்ட சொல்லும் வேறில்லை. கிறித்தவத் திருச்சபை அச்சொல்லை எவ்வாறு கையாண்டது, தமிழ்நாட்டில் அது எவருக்குப் பயன்பட்டது என்று ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். நாம் மறுமையை நம்புவோர் அல்லர். எனினும், ஒரு நூலை அந்நூல் தரும் அளவுகோல் கொண்டே அளப்பது நேர்மை.

அந்த அளவுகோல் அப்போஸ்தலர் நடபடிகள் என்னும் நூலில் இருக்கிறது. படிப்போர் விரைந்து தாண்டிச் செல்லும் ஒரு சிறு செய்தி அது. இயேசுவின் தலைமைச் சீடராகிய பேதுரு, யோப்பா என்னும் துறைமுகப் பட்டினத்தில் பலநாள் தங்கினார். எவர் வீட்டில்? அரண்மனையிலா? ஆலய மண்டபத்திலா? அல்ல, சீமோன் என்னும் தோல் பதனிடுவோன் வீட்டில்! செத்த விலங்கைத் தொட்டவன் தீட்டுப்பட்டவன் என்பது யூத மரபு. தோல் பதனிடும் இடம் ஊரிலிருந்து 50 முழம் தள்ளியே இருக்கவேண்டும் என்றது யூதர்களின் சட்டத் தொகுப்பான மிஷ்னா. சீமோனின் வீடும் கடலோரத்தில்தான் இருந்தது. அந்த வீட்டின் மேல்மாடியில்தான், தூய்மை, தீட்டு என்னும் வேறுபாட்டைக் கைவிடுமாறு பணிக்கும் காட்சி பேதுருவுக்குத் தோன்றியதாக நூல் நுவல்கிறது. காட்சியை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆயின், தீட்டு ஒழிந்ததென்று அறிவிக்க நூலாசிரியர் தேர்ந்தெடுத்த இடத்தைக் கவனியுங்கள். தோலின் வாடை வீசும் இல்லம் அது!

அதே பேதுருவின் மற்றொரு முகமும் விவிலியத்தில் உண்டு. அந்தியோகியா நகரில் பிற இனத்தாரோடு உடனுண்டு வந்தவர், தம் இனத்தார் சிலர் வந்ததும் அஞ்சிப் பந்தியை விட்டு விலகினார். பவுல் அவரை முகத்துக்கு நேரே கண்டித்தார் என்று கலாத்தியருக்கு எழுதிய மடல் கூறுகிறது. கிறித்தவ விடுதலையை ஓங்கி முழங்கும் மடலும் அதுவே. விடுதலை பந்தியில்தான் சோதிக்கப்பட்டது. பந்தியில்தான் அது தோற்றது.

இவ்விரு பேதுருக்களையும் உள்ளத்தில் இருத்திக்கொண்டு பாலாற்றங்கரைக்கு வருவோம். இராணிப்பேட்டை, வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனத் தொடரும் தோல் நாடு இது. இங்கே ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய தொட்டிகளில் மனிதரின் வாழ்நாளும் சேர்ந்தே ஊறியது. ஆம்பூரில் தைத்த காலணி கடல் கடந்து சீமான்களின் காலை அணி செய்கிறது. தோலுக்குத் தீட்டில்லை, தோலைத் தொட்டவனுக்கே தீட்டு என்றது சாதி!

இந்த மண்ணில் 1853ஆம் ஆண்டு ஸ்கடர் உடன்பிறந்தார் ஆற்காடு மிஷனை நிறுவினர். திருமுழுக்குப் பெறுவோர் சாதியைத் துறத்தல் வேண்டும் என்று அம்மிஷன் வற்புறுத்தியது. 1850இல் சென்னையில் கூடிய மிஷனரிகளின் மாநாடும், எச்சாதிக் கிறித்தவரோடும் உடனுண்ண இசைவோரையே சேர்க்கவேண்டும் என்ற நிலையை மேற்கொண்டது. யோப்பாவின் குரல் இது.

எதிர்க்குரலும் எழுந்தது. லைப்சிக் லுத்தரன் மிஷனின் தலைவர் கார்ல் கிரவுல் அப்போது இந்தியா வந்திருந்தார். சாதி பெரிதும் சமுதாய வழக்கு, நற்செய்தியின் வேகத்தால் அது நாளடைவில் தேய்ந்து மறையும், சட்டம் இட்டு அதனை அறுப்பது கிறித்தவ விடுதலைக்கு ஏற்றதன்று என்பது அவர் வாதத்தின் சாரம். கற்றவர், தமிழ்ப் பற்றாளர், திருக்குறளை மொழிபெயர்த்த பெருந்தகை அவர். ஆதலால் அவர் வாதத்தை எள்ளி ஒதுக்காமல் எடுத்து ஆராய்வதே முறை.

மனச்சான்றை வன்முறையால் வளைத்தல் கூடாது, உண்மை. ஆனால் எவருடைய மனச்சான்று? உடனுண்ண மறுப்பவனின் கூச்சத்துக்கு மனச்சான்று என்று பெயர் சூட்டிவிட்டு, ஒதுக்கி உட்கார வைக்கப்பட்டவனின் நெஞ்சில் எரிந்த தீயை என்னென்பது? நலிந்த மனச்சான்றுடையவன் இடறாதபடி, உரிமை இருந்தும் இறைச்சியை விட்டுக்கொடுப்பேன் என்னும் கருத்தைப் பவுல் எழுதினார். வலியவன் நலிந்தவனுக்காகத் தன் தட்டை இழக்கும் அறம் அது. இங்கோ வலியவன் தன்னையே நலிந்தவன் என்று சொல்லிக்கொண்டு, ஏழையின் தட்டைத் தள்ளி வைத்தான்! நம்பிக்கையால் எவருக்கும் அடிமையல்லாதவன், அன்பினால் எல்லாருக்கும் ஊழியன் என்பது, மார்ட்டின் லூதர் 1520இல் வெளியிட்ட விடுதலைச் சிற்றேட்டின் கருத்து. முதற்பாதியை மட்டும் படித்து மறுபாதியை மறந்தவர்கள் லூதரின் பெயரையே தாங்கினார்கள்.

எல்லோரும் மறந்தாரல்லர். ஓக்ஸ் என்னும் பாதிரியார், சாதிக்கு இடங்கொடுக்கும் போக்கை ஏற்காமல் லைப்சிக் மிஷனை விட்டே வெளியேறினார். பின்னாளில் நேத்தர், மோன் ஆகியோரும் அதே மிஷனை விட்டு விலகினர். ஆனால் அவர்தம் பூசல் வேதநூல் பிழையற்றதா என்பது குறித்தது. 1895இல் கிருஷ்ணகிரியில் அவர்கள் தொடங்கிய பணியே ஆம்பூரிலும் பள்ளியாகவும் மருத்துவமனையாகவும் வளர்ந்தது. அந்தக் கல்வியையும் மருத்துவத்தையும் நன்றியோடு ஒப்புகிறோம். எழுத்துப் பிழைக்குக் கொதிக்கும் மனச்சான்று, பந்திப் பிழைக்கும் அதே அளவில் கொதிக்கவேண்டாமா என்பதே நம் கேள்வி. பழங்கதை என்று தள்ள முடியாது. 2008ஆம் ஆண்டு மார்ச்சில் உளுந்தூர்ப்பேட்டை அருகே எறையூரில், தனிப் பங்கு கேட்ட தலித் கிறித்தவர்களுக்கும் சாதிக் கிறித்தவர்களுக்கும் மூண்ட மோதலில் காவல்துறை சுட்டு இருவர் மாண்டனர்.

திருச்சபை தவறினால் அரசு திருத்தியதா? அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு மனச்சான்றின் விடுதலையை வழங்குகிறது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையோ அதற்கு விலை குறிக்கிறது! இந்துக்களுக்கு மட்டும் என்றிருந்த அவ்வாணையில் 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் இசுலாமியரும் வெளியே நின்றனர். சென்னையில் தெருவோரத்தில் செருப்புத் தைத்த சூசை என்பவர், பட்டியல் சாதித் தொழிலாளருக்கு அரசு இலவசமாக வழங்கிய சிறு கடை தமக்குக் கிறித்தவர் என்பதால் மறுக்கப்பட்டதை எதிர்த்து வழக்காடினார். மதம் மாறிய பின்னும் இழிவு அதே கடுமையோடு தொடர்வதற்குச் சான்று போதாது என்று 1985இல் உச்சநீதிமன்றம் தள்ளியது. ஊசியும் தோலும் மாறவில்லை, வெயிலும் மாறவில்லை, வழிபாடு மாறியதால் நிழல் மட்டும் மறுக்கப்பட்டது! அவ்விழிவைப் போக்கப் பட்டியல் சாதித் தகுதியை அவர்களுக்கும் நீட்டிக்குமாறு 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது.

திருச்சபைத் தலைவர்களே, அரசிடம் நீதி கேளுங்கள். நாங்களும் உடன் நின்று கேட்போம். ஆனால் கேட்கும் முன், கல்லறைத் தோட்டத்தில் சுவர் உண்டா, திருமணப் பேச்சில் சாதி உண்டா, ஆயர் தேர்தலில் குலக் கணக்கு உண்டா என்று உங்கள் வீட்டைச் சோதியுங்கள். தோல் தொட்டியிலிருந்து எழுந்து வரும் தொழிலாளி உங்கள் வீட்டுக்கு வருவது போதாது. அவன் வீட்டில் நீங்கள் போய்ப் பலநாள் தங்குங்கள். அவன் சமைத்ததை உண்ணுங்கள். உங்கள் பேதுரு செய்தது அதுதான்.