சஹானா: நடுவயதின் மனக்குறையும் அதன் வாரிசும்

பினாங்கு மாநிலத்தின் தென்செபராங் பிறையிலுள்ள சிம்பாங் அம்பாட் என்னும் ஊர்ப்பெயருக்கு நாற்சந்தி என்பது பொருள். மனித வாழ்விலும் அப்படியொரு நாற்சந்தி உண்டு. நாற்பதைக் கடந்தவர் வந்த வழியைத் திரும்பிப் பார்த்துப் பெருமூச்செறியும் இடம் அது. பொருளும் புகழும் இருக்கும். நிறைவு மட்டும் இராது. அந்த நிறைவின்மையைத் தமிழ்க் காட்சிக்கலையில் ஆராய்ந்தவர்களுள் கே. பாலசந்தர் குறிப்பிடத்தக்கவர். 1985-இல் ‘சிந்து பைரவி’ என்னும் திரைப்படமாக அவர் தொடங்கிய கதை, 2003-இல் ஜெயா தொலைக்காட்சியில் ‘சஹானா’ என்னும் தொடராக நீண்டது.

முதற்கதை பலரும் அறிந்ததே. ஜே.கே.பி. என்னும் இசைவாணர் புகழின் உச்சியில் இருப்பவர். மனைவி பைரவி அன்புடையவள்; ஆனால் இசையறிவு இல்லாதவள்; மக்கட்பேறும் வாய்க்காதவள். தமிழிசைக்காக அவரோடு வாதிடும் சிந்துவிடம் அவர் தமக்கு ஒத்த உள்ளத்தைக் காண்கிறார். உறவு முதிர்கிறது, சிந்து பிரிந்து செல்ல, அவர் குடியில் வீழ்கிறார். இறுதியில் சிந்து தன் குழந்தையைப் பைரவியிடம் ஒப்படைத்துவிட்டு விலகுகிறாள்.

இங்கு ஒரு வினா எழுகின்றது. மனக்குறை ஜே.கே.பி.க்கு மட்டுமா? அவருடைய குறை கலையின் தாகம் எனப் பெயர் பெறுகிறது. அதற்கு இளையராஜாவின் இசையும் துணை நிற்கிறது. பைரவியின் குறைக்கோ பெயரே இல்லை. தன்னை ஏன் புரிந்துகொள்ளவில்லை என்று கணவன் கேட்கலாம். அதே கேள்வியை அவள் கேட்டால் அறியாமை எனப்படும். படத்தின் ஆழமும் குறையும் இந்த ஓரிடத்திலேயே உள்ளன.

சிந்துவை இரண்டாம் மனைவியாக ஏற்கவும் பைரவி முன்வருகிறாள்; சிந்துவே மறுக்கிறாள். மலேசியத் தமிழருக்கு இக்காட்சி தனிப்பொருள் தரும். முஸ்லிம் அல்லாதாருக்கு ஒருதார மணத்தை விதித்த 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச்சு முதல் நாள் இங்கு நடைமுறைக்கு வந்துவிட்டது. சட்டம் இரண்டாம் மணத்தைத் தடுத்தது. மனத்தின் வெறுமையை அதனால் நிரப்ப இயலவில்லை.

படம் அவ்வெறுமையைக் குழந்தையால் நிரப்பியது. ‘சஹானா’வின் சிறப்பு, அத்தீர்வையே மீண்டும் விசாரணைக்கு உட்படுத்தியதாகும். ஜே.கே.பி.யாக ஒய்.ஜி. மகேந்திரன் நடித்த அத்தொடரில், பெற்றோர் முடித்துவைத்த கணக்கு மகளின் வாழ்வில் புதிதாகத் திறக்கின்றது.

இவ்வமைப்புத் தமிழுக்குப் புதிதன்று. கோவலனின் கதையைச் சொன்ன சிலம்புக்குப் பின், மாதவி பெற்ற மகளின் பெயரால் மணிமேகலை எழுந்தது. அக்காப்பியத்தில் மாதவி, மணிமேகலையைக் கண்ணகியின் மகளென்றே கூறுகிறாள். சிந்து தன் குழந்தையைப் பைரவியின் மடியில் இட்டது அச்சொல்லின் செயல்வடிவமே. ஆயினும் மணிமேகலை தாய்மார் இருவரின் துயரத்தையும் சுமந்துகொண்டு நிற்கவில்லை, அமுதசுரபி ஏந்திப் பசிப்பிணி தீர்த்தாள், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினாள். பெற்றோரின் குறைக்கு விடையாகப் பிறந்தவள் தனக்கென ஒரு வினாவைத் தேடிக்கொண்டாள்.

மேலைநாட்டிலும் இதற்கு இணையுண்டு. சுவீடன் இயக்குநர் இங்மார் பெர்க்மன் 1973-இல் ஒரு மணவாழ்வின் முறிவை ஆறு பகுதிகள் கொண்ட தொலைக்காட்சி நாடகமாக்கினார். அதில் தம்பதியரின் மகள்மார் ஏறத்தாழக் கண்ணிலேயே படுவதில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, அதே 2003-இல், ‘சரபாண்ட்’ நாடகத்தில் அத்தம்பதியரை மீண்டும் சந்தித்தபோது, கதையின் நடுவே நின்றவள் செல்லோ இசைக்கும் இளம்பெண் ஒருத்தி. அந்தக் கணவனின் பேத்தி. தந்தையின் பிடியிலிருந்து விடுபடுவதே அவள் போராட்டம்.

ஒருவரையொருவர் அறியாத இரு கலைஞர்கள் முதுமையில் கண்ட உண்மை ஒன்றே. நடுவயதின் மனக்குறை, அதற்குரியவரோடு தீர்ந்துவிடுவதில்லை. பேசித் தீர்க்காத குறை பிள்ளைக்குச் சொத்தாகிறது. ‘சிந்து பைரவி’யை மட்டும் கண்டோர் ஒரு தியாகத்தைக் கண்டனர். ‘சஹானா’வையும் சேர்த்துக் காண்போர், அத்தியாகத்தின் விலையை யார் செலுத்தினார் என்பதையும் காண்பர்.