நம் எழுத்து யார் கையில்?

முத்தாண்டிக்குப்பத்துத் தேநீர்க் கடையில் மாலை வேளையில் கால் மணி நேரம் அமர்ந்தால் போதும். கைப்பேசி, கணிப்பொறி பற்றிய தீர்ப்புகள் பல காதில் விழும். அவற்றுள் மூன்றை நான் அடிக்கடி கேட்டிருக்கிறேன். ஒன்று: "ஓசியில வர்ற மென்பொருள் உருப்படாது." இரண்டு: "மூலநிரலைத் திறந்து வச்சா எனக்கென்ன? நான் என்ன புரோகிராம் எழுதுறவனா?" மூன்று: "காசு கொடுத்து வாங்கியாச்சு. இனி இது என்னுடையது."

இவற்றைச் சொல்பவர்கள் விவரம் அறியாதவர்கள் அல்லர். அவர்களில் பலர் நெய்வேலிச் சுரங்கத்தின் பெரிய இயந்திரங்களோடு ஆயுள் முழுவதும் பழகியவர்கள். இயந்திரத்தைப் பற்றி அவர்கள் ஒன்று சொன்னால், இயற்பியல் ஆசிரியனாகிய நானும் கேட்டுக்கொள்வேன். ஆயினும் கருத்து என்பது யார் சொன்னாலும் சோதனைக்கு உட்பட்டதே. இம்மூன்று கருத்துகளையும் சோதித்துப் பார்க்க நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தமிழ் எழுத்தே போதிய சான்று தருகிறது.

ஒரு குறுந்தகட்டின் கதை

என் பக்கத்து வீட்டுப் பெரியவர் சுரங்கத்தில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 1998இல், புதிதாக வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு உதவும் என்று, கன்வேயர் பெல்ட்டைப் பழுது பார்க்கும் முறைகளை அறுபது பக்கங்களில் தமிழில் எழுதினார். ஒரு தட்டச்சுக் கடையில் கொடுத்து அதைக் கணிப்பொறியில் ஏற்றினார். நெகிழ்தட்டில் இருந்ததைப் பின்னர் குறுந்தகட்டுக்கு மாற்றி, பீரோவில் பத்திரமாக வைத்திருந்தார். சென்ற ஆண்டு அவருடைய பேரன் தொழிற்பயிற்சிக்குச் சேர்ந்தான். "தம்பி, இதை அச்செடுத்துக் கொடுங்க, பையனுக்கு உதவும்" என்று குறுந்தகட்டை என்னிடம் கொடுத்தார்.

கோப்பு திறந்தது. ஆனால் திரையில் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் பொருளற்ற குறிகளும் பக்கம் பக்கமாக நின்றன. குறுந்தகட்டில் கீறல் இல்லை. கோப்பில் ஓர் எண்கூடக் கெடவில்லை. தட்டச்சுக் கடைதான் இப்போது இல்லை. அக்கடையில் பயன்படுத்திய எழுத்துருவின் பெயரும் அவருக்கு நினைவில்லை. அறுபது பக்கங்களும் இருக்கின்றன, படிக்கத்தான் முடியவில்லை. இது எப்படி நேர்ந்தது?

எண்ணும் எழுத்தும்

கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணை ஒதுக்கி, அந்த எண்களையே அது சேமிக்கிறது. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று காட்டும் அட்டவணைக்குக் குறிமுறை என்று பெயர். எட்டு பிட்டுகளைக் கொண்டு 256 எண்களைக் குறிக்கலாம். அவற்றுள் முதல் 128 எண்கள் ஆங்கில எழுத்துகளுக்கும் எண், குறி முதலியவற்றுக்கும் போய்விட்டன. எஞ்சியவை 128. தமிழுக்கோ எழுத்துகள் 247. எனவே எழுத்துகளைக் கால், கொம்பு, கொக்கி எனத் துண்டுகளாக்கித்தான் அடைக்க முடிந்தது.

அடைத்தவர்கள் ஒரே மாதிரி அடைக்கவில்லை என்பதுதான் தொல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் அட்டவணையை வகுத்தது. பலர் அதை வெளியிடவும் இல்லை. பலரும் அறிந்த 'பாமினி' எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அது ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை அமர்த்தியது. 'தமிழ்' என்று எழுத, ஆங்கிலத்தின் ஜே, கே, பீ, ஓ ஆகிய விசைகளையும் அரைப்புள்ளியையும் அடிக்க வேண்டும். கணிப்பொறியில் சேர்வது 106, 107, 112, 111, 59 ஆகிய ஐந்து எண்கள். அந்த எழுத்துரு இருக்கும் கணிப்பொறியில் இது 'தமிழ்' என்று தெரியும். இல்லாத கணிப்பொறியில் ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளிதான்.

பெரியவர் காகிதத்துக்கும் தட்டச்சுக்கும் பணம் கொடுத்தார். எழுத்தும் அவருடையது. ஆனால் அதைப் படிக்க உதவும் அட்டவணை மட்டும் அவரிடம் இல்லை. "காசு கொடுத்து வாங்கியாச்சு, இனி என்னுடையது" என்ற மூன்றாவது கருத்து இந்த இடத்தில் உடைகிறது.

இது பழங்கதை என்று எண்ண வேண்டாம். 2009 ஜூலையில் அமெரிக்காவில் கிண்டில் படிப்பான் வைத்திருந்த சிலர், பணம் கொடுத்து வாங்கிய ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' என்ற நாவல் தங்கள் கருவியிலிருந்து மறைந்துபோனதைக் கண்டார்கள். விற்றவருக்கு அதை விற்கும் உரிமை இல்லை என்று தெரியவந்ததால், அமேசான் நிறுவனம் தொலைவிலிருந்தே அதை அழித்துவிட்டது. பணம் திருப்பித் தரப்பட்டது; நிறுவனமும் பின்னர் வருத்தம் தெரிவித்தது. ஆயினும் வீட்டு அலமாரியில் இருக்கும் அச்சுப் புத்தகத்தை எந்தக் கடைக்காரரும் இப்படி வந்து எடுத்துச்செல்ல முடியாது.

வரைபடம் கேட்கும் உரிமை

இனி இரண்டாவது கருத்தைப் பார்ப்போம். மூலநிரல் என்பது மென்பொருளின் வரைபடம். அதைத் திறந்து வைப்பதால் நிரல் எழுதாதவருக்கு என்ன பயன்?

இதற்கு விடையைச் சுரங்கத் தொழிலாளரிடமே கேட்கலாம். வரைபடம் தராமல், மூடியை ஈயம் வைத்து அடைத்து, "பழுதானால் நாங்களே வருவோம்" என்று ஒரு நிறுவனம் இயந்திரத்தை அனுப்பினால் அதை அவர்கள் ஏற்பார்களா? வரைபடத்தை எல்லாத் தொழிலாளரும் படிப்பதில்லை. படிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் எல்லாருக்கும் வேலை நடக்கும்.

கட்டற்ற மென்பொருள் இயக்கம் பிறந்ததும் இத்தகைய ஓர் அனுபவத்தில்தான். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த ரிச்சர்டு ஸ்டால்மன், அச்சுப்பொறியில் காகிதம் சிக்கினால் உடனே அறிவிக்கும்படி அதன் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். பின்னர் புதிதாக வந்த பொறியின் மூலநிரல் அவருக்குக் கிடைக்கவில்லை. கேட்டும் மறுக்கப்பட்டது. 1983இல் அவர் 'குனு' திட்டத்தை அறிவித்தார். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை எழுதி வெளியிட்டார்.

நம் குறுந்தகட்டுக்குத் திரும்புவோம். நல்லவேளையாகப் பெரியவரிடம் அந்நாளில் அச்செடுத்த 11 பக்கங்கள் இருந்தன. என் மாணவர் இருவர் அச்சுப் பக்கத்தை ஒரு புறமும் கோப்பின் எண்களை மறு புறமும் வைத்து, எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று அட்டவணை போடத் தொடங்கினார்கள். பின்னர் பைத்தான் மொழியில் ஒரு சிறு நிரல் எழுதி மாற்றினார்கள். முதல் முயற்சியில் கொம்புகள் எல்லாம் இடம் மாறின. பழைய எழுத்துருவில் 'கெ' என்பதற்குக் கொம்பு முன்னே, 'க' பின்னே. யூனிகோடிலோ 'க' முன்னே, கொம்பு பின்னே. அதையும் சரி செய்தார்கள். இரண்டு வாரங்களில் வேலை முடிந்தது. பைத்தான் ஒரு திறமூல மொழி. அதற்கு நாங்கள் ஒரு காசும் செலவழிக்கவில்லை. பெரியவருக்குப் பைத்தான் என்றால் என்னவென்றே தெரியாது. ஆனால் பயன் பெற்றவர் அவர்தான்.

ஒரு செய்தி மாணவர்களுக்கு உதவும். நம் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் இயற்றப்பட்டது. ஒரு நிரலை முறைப்படி வைத்திருப்பவர், அது இயங்கும் முறையை ஆராய்ந்தறியவும், வேறொரு நிரல் அதனோடு இணைந்து இயங்கத் தேவையான, எளிதில் கிடைக்காத செய்தியைப் பெறவும் அச்சட்டமே இடமளிக்கிறது. ஆராய்வது குற்றம் என்று யாரும் அஞ்ச வேண்டியதில்லை.

பொது அட்டவணை வந்த விதம்

இன்று நெய்வேலியில் தட்டிய தமிழ்ச் செய்தியை யாழ்ப்பாணத்திலும் டொராண்டோவிலும் எந்தக் கைப்பேசியிலும் படிக்கலாம். இது தானாக நடந்துவிடவில்லை. உலகின் பல பகுதிகளில் இருந்த தமிழர்கள் மின்னஞ்சல் வழியே விவாதித்து 'டிஸ்கி' என்ற பொதுக் குறிமுறையை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு, 'டாம்', 'டாப்' என்ற குறிமுறைகளுக்கும் பொதுவான விசைப்பலகைக்கும் வழிவகுத்தது. எல்லா மொழிகளுக்கும் இடம் தரும் யூனிகோடில் 1991 முதலே தமிழுக்கு 128 இடங்கள் உண்டு. 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழக அரசு அதைத் தரமாக ஏற்றது. யூனிகோடில் 'தமிழ்' என்பதன் எண்கள் 2980, 2990, 3007, 2996, 3021. இந்த ஐந்து எண்களும் எந்த நிறுவனத்தின் இரகசியமும் அல்ல.

இதிலும் குறை உண்டு. 'கி' நமக்கு ஓர் எழுத்து. யூனிகோடுக்கு இரண்டு எண்கள். இது தமிழின் இயல்புக்கு ஒவ்வாது என்று அறிஞர் பலர் வாதிட்டனர். ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண் தரும் 'டேஸ் 16' என்ற குறிமுறையையும் அதே 2010இல் அரசு ஏற்றது. அட்டவணை வெளிப்படையாக இருந்ததால்தான் குறையைச் சுட்டி வாதிட முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்து வாழ் கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம் இதற்கு நல்ல சான்று. தன்னார்வலர்கள் தட்டச்சிட்ட பழந்தமிழ் நூல்கள் டிஸ்கிக்கும், பிறகு யூனிகோடுக்கும் மாறின. அட்டவணை தெரிந்திருந்ததால் நூல்கள் பிழைத்தன.

இலவசமும் கட்டற்றதும்

ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல். தமிழில் அந்தக் குழப்பம் இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. முதல் கருத்தைச் சொல்பவர்கள் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். பண்ருட்டிப் பலாவை விலையைப் பார்த்தா தேர்ந்தெடுக்கிறோம்? தட்டிப் பார்க்கிறோம், அறுத்துக் காட்டினால் இன்னும் நல்லது. "ஓசி உருப்படாது" என்று சொல்பவரின் கையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசி லினக்ஸ் கருவின் மேல்தான் இயங்குகிறது. உலகின் மிக வேகமான 500 மீக்கணினிகளும் 2017 நவம்பர் முதல் லினக்ஸிலேயே இயங்குகின்றன.

அப்படியானால் இக்கருத்து ஏன் நிலைத்தது? 2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. என் தங்கைக்கும் ஒன்று கிடைத்தது. அதில் விண்டோஸும், அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. ஒரு வாரத்துக்குள் பழுது பார்க்கும் கடைக்காரர் ஒருவர், "இது இடத்தை அடைக்குது" என்று பாஸை அழித்துக் கொடுத்தார். தங்கைக்கு வருத்தம் இல்லை; அது என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கேரளத்தில் அரசுப் பள்ளிகளின் கணிப்பொறிப் பாடமே கட்டற்ற மென்பொருளில் அமைந்தது. அதற்கென ஆசிரியர்கள் பயிற்சி பெற்றார்கள். இங்கே பொறி கொடுத்தோம், பாடம் கொடுக்கவில்லை. 2025-26 வரவு-செலவுத் திட்டத்தில் 20 இலட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் கருவிகள் தரப்படும் என்று அரசு அறிவித்தது. இம்முறையாவது பாடமும் சேர வேண்டும். அந்தப் பொறுப்பில் என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் பங்கு உண்டு.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். லினக்ஸில் ஓர் அச்சுப்பொறியை இயங்கச் செய்ய நான் ஒரு ஞாயிறு முழுவதையும் இழந்திருக்கிறேன். திறந்திருப்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது. 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட 'ஹார்ட்பிளீட்' என்ற பிழை, உலகமே நம்பிய ஒரு திறமூல நிரலில் இரண்டு ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. கதவு திறந்திருந்தது, உள்ளே பார்ப்பவர்தாம் போதவில்லை. ஆகவே நமக்குத் தேவை கண்மூடித்தனமான பக்தியன்று, கேள்வி.

கருவியோ மென்பொருளோ வாங்குமுன் மூன்று கேள்விகள் கேட்கலாம். இதில் நான் எழுதியதை வேறொன்றுக்கு எடுத்துச்செல்ல முடியுமா? விற்றவர் கடையை மூடினாலும் இது இயங்குமா? பழுதானால் வேறொருவர் திறந்து பார்க்க முடியுமா? இதற்கெல்லாம் விடை 'இல்லை' என்றால், நாம் கொடுப்பது விலையன்று, வாடகை.

அறுபது பக்கங்களையும் அச்செடுத்துப் பெரியவரிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திண்ணையிலேயே படித்தார். பதினான்காம் பக்கத்தில் விரல் நின்றது. "தம்பி, இந்த அளவு தப்பா இருக்கே. அன்னைக்கே கவனிக்காம விட்டிருக்கேன். இப்ப மாத்த முடியுமா?" என்று கேட்டார்.

முடியும் என்றேன். அன்றிரவே மாற்றினோம்.