ஓர் ‘ஐ’ சேர்த்தால் போதுமா?

பாளையங்கோட்டையில் கணினிப் பாடம் நடத்தும் நண்பர் ஒருவர் அண்மையில் என்னோடு மல்லுக்கு நின்றார். தரவுத்தளத்தோடு பேசுவதற்கான பழைய மைஎஸ்க்யூஎல் எக்ஸ்டென்ஷனைக் கைவிட்டு நீக்கியபோது பிஎச்பி கையேட்டைத் திருத்திய விதம் இருக்கிறதே, அதுதான் எல்லா நிரல்மொழிகளுக்கும் முன்மாதிரி என்பது அவர் கட்சி. “போர்டு வச்சாச்சுல்லா? அதுக்கு மேல ஒவ்வொருத்தன் கையயும் பிடிச்சா கூட்டிட்டுப் போவாங்க?” என்றார். போர்டு என்று அவர் சொன்னது, அந்தப் பழைய ஃபங்ஷன்களின் பக்கங்களில் தலைமாட்டில் நிற்கும் சிவப்புப் பெட்டியை. 5.5இல் கைவிடப்பட்டது, 7.0இல் நீக்கப்பட்டது, பதிலாக மைஎஸ்க்யூஎல்ஐ அல்லது பிடிஓ பயன்படுத்துக என்று அதில் இருக்கும்.

அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2013 ஜூனில் எச்சரித்து, 2015 டிசம்பரில்தான் எடுத்தார்கள். இரண்டரை வருட அவகாசம். பக்கங்களை அழிக்கவும் இல்லை. 2008இல் பைதான் 3.0 வந்தபோது பெர்க்லி டிபிக்கான பிஎஸ்டிடிபி மாடியூலை வெளியே தள்ளினார்கள். புதிய கையேட்டில் அதற்கான பக்கமே இல்லாமல் போனது. பழைய நிரலோடு வந்தவன் 2.x கையேட்டைத் தேடி ஓட வேண்டியிருந்தது. அதோடு ஒப்பிட்டால் பிஎச்பிக்காரர்கள் தர்மவான்கள். அதையும் பெரும்பாலும் தொண்டாகச் செய்தவர்கள். சரி.

என் புகார் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் கடைசி வரிகளைப் பற்றியது. ஒவ்வொரு பழைய ஃபங்ஷனுக்கும் ‘மாற்று’ என்று ஒரு பட்டியல் அங்கே உண்டு. பழைய க்வெரியின் பக்கத்துக்குப் போனால், மாற்று மைஎஸ்க்யூஎல்ஐ க்வெரி அல்லது பிடிஓ க்வெரி. எஸ்கேப் ஸ்ட்ரிங்குக்குப் போனால், அங்கே மைஎஸ்க்யூஎல்ஐயின் எஸ்கேப் ஸ்ட்ரிங். அகராதி மாதிரி, சொல்லுக்குச் சொல். ஆனால் அந்தப் பழைய எக்ஸ்டென்ஷனை ஏன் தூக்கினார்கள்? பெயர் பிடிக்காமலா? மைஎஸ்க்யூஎல் 4.1இலிருந்து வந்த வசதிகள் அதற்குத் தெரியாது. அவற்றில் தலையாயது ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்: மதிப்பு வர வேண்டிய இடத்தில் கேள்விக்குறி போட்டு க்வெரியை முதலில் அனுப்புவது, மதிப்பைத் தனியாகப் பின்னால் அனுப்புவது. பயனர் தட்டும் எழுத்து க்வெரியின் உடம்புக்குள் நுழையவே முடியாது. அப்படியானால் க்வெரி பக்கத்தின் பெட்டி ப்ரிப்பேரைத்தானே காட்ட வேண்டும்? அது காட்டியதோ இன்னொரு க்வெரியை.

விளைவை எந்த லேபிலும் பார்க்கலாம். பையன்கள் ஃபைண்ட்-ரீப்ளேஸ் போட்டு ‘மைஎஸ்க்யூஎல்’ என்று வரும் இடமெல்லாம் ஓர் ‘ஐ’ சேர்ப்பார்கள். உடனே எரர் வரும். பழையதில் க்வெரி முன்னால், இணைப்பு பின்னால். இணைப்பை விட்டுவிட்டாலும் கடைசியாகத் திறந்ததை அதுவே எடுத்துக்கொள்ளும். புதியதில் இணைப்பு கட்டாயம், அதுவும் முன்னால். வரிசையை மாற்றிப் போட்டால் ஓடும். ஓடினால் வேலை முடிந்தது. உள்ளே ஒற்றை மேற்கோளுக்கு நடுவே மாறியை ஒட்டவைத்த அந்தப் பழைய சரம் அப்படியே இருக்கும். வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துவிட்டுக் கரையானை உள்ளேயே விட்ட கதை.

ரிசல்ட் என்ற ஃபங்ஷனின் பெட்டி இன்னும் மோசம். ஒரு குறிப்பிட்ட வரிசையில் ஒரு கட்டத்தின் மதிப்பை எடுத்துத் தருவது அதன் வேலை. மைஎஸ்க்யூஎல்ஐயில் அதற்கு மாற்றாகப் பெட்டி சொன்னது: டேட்டா சீக், ஃபீல்டு சீக், பிறகு ஃபெட்ச் ஃபீல்டு. ஃபெட்ச் ஃபீல்டு மதிப்பைத் தராது. அந்தப் பத்தியின் பெயர், வகை, நீளம் போன்ற விவரங்களைத்தான் தரும். தொகை எவ்வளவு என்று கேட்டால் ‘இந்தப் பத்திக்குத் தொகை என்று பெயர்’ என்று பதில் வரும். இதை எழுதியவர் ஒரு தடவையாவது ஓட்டிப் பார்த்திருப்பாரா? தொண்டர்களைத் திட்டக்கூடாதுதான். ஆனால் தவறான வழிகாட்டிப் பலகையைவிடப் பலகை இல்லாத முச்சந்தி மேல்; அங்கே நாலு பேரிடமாவது கேட்போம்.

‘எந்த ஏபிஐ’ என்று தனிப் பக்கம் இருக்கிறதே, அதில் அட்டவணையில் ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் பழையதில் இல்லை என்று போட்டிருந்தார்களே என்றார் நண்பர். இருந்தது. அது ஏன் முக்கியம் என்பது அந்தக் கட்டத்தில் இருக்கவில்லை. கடையில் பில் ஓடாமல் நிற்கும்போது அட்டவணையை யார் வாசிக்கிறார்கள்?

கடை என்று சும்மா சொல்லவில்லை. நெல்லை டவுனில் எனக்குத் தெரிந்த பாத்திரக் கடை ஒன்றின் பில் நிரல் பிஎச்பி 5.3இல் ஓடிக்கொண்டிருந்தது. ஹோஸ்டிங்காரர்கள் ஒரு நாள் சர்வரை 7க்கு ஏற்றினார்கள். யாரோ ஒரு பையன் வந்து ‘ஐ’ சேர்த்து, வரிசை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். கல்யாண சீசனில் கடைக்கார அண்ணாச்சியிடமிருந்து போன்: “தம்பி, உவரிக்காரரு ஒருத்தரு பேரு மட்டும் ஏற மாட்டேங்கு.” போய்ப் பார்த்தேன். டி’குரூஸ். ஆங்கிலத்தில் தட்டும்போது நடுவில் ஒரு ஒற்றை மேற்கோள் வருமல்லவா, அந்த இடத்தில் க்வெரி உடைந்துவிடுகிறது. முன்பெல்லாம் ஏறிய பெயர்தானே என்றார் அண்ணாச்சி. ஏறியதுதான். 5.3 வரை மேஜிக் கோட்ஸ் என்று ஒன்று இருந்தது; உள்ளே வரும் மேற்கோளுக்கெல்லாம் தானாகவே பின்சாய்கோடு போடும். 5.4இல் அதையும் எடுத்துவிட்டார்கள், எடுத்தது நல்லதுதான். ஆனால் இரண்டையும் ஒரே தாவலில் தாண்டிய நிரலுக்குப் பழைய முட்டும் இல்லை, புதிய தூணும் இல்லை. உவரிக் கடற்கரைக்காரர் ஒருவரின் பெயரைத்தான் இங்கே தட்டினார்கள். கெட்ட எண்ணத்தோடு வருகிறவன் அந்த மேற்கோளுக்குப் பின்னால் தன் க்வெரியையே தட்டியிருப்பான்.

நண்பரிடம் இதைச் சொன்னேன். “ஏ, அதுக்கு அந்தப் பெட்டி என்னல செய்யும்?” என்றார். க்வெரி பக்கத்தில் ப்ரிப்பேர் என்ற சொல்லை முதலில் போட்டு, ‘மதிப்பைச் சரத்துக்குள் ஒட்டாதே’ என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். 2013இலேயே.

பில் பக்கத்தை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். அதற்குள் அண்ணாச்சி தன் வழியில் பிரச்சினையைத் தீர்த்து, உவரிக்காரரை மேற்கோள் இல்லாமலே ஏற்றியிருந்தார். திருத்தவா என்று கேட்டேன். வேண்டாமாம், ரசீது கொடுத்தாகிவிட்டதாம்.