தோழியின் வாய்ச்சொல்

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு நம் மாணவிகளுக்கு 99 பூக்களின் பட்டியலாகவே போய்ச் சேர்ந்திருக்கிறது. மனப்பாடம், இரண்டு மதிப்பெண், முடிந்தது. ஆனால் அந்த 261 அடிகளின் உயிர் பூக்களில் இல்லை. தான் முடிவுசெய்துவிட்ட மணத்தை ஒரு பெண் வீட்டுக்கு எப்படித் தெரிவிப்பது என்பதில் இருக்கிறது.

மகள் மெலிகிறாள். செவிலித்தாய் அறிந்தவர்களைக் கேட்கிறாள். தெய்வங்களுக்குப் புகையிட்டு அலைகிறாள். மகளிடம் வற்புறுத்திக் கேட்டவள் தோழி ஒருத்திதான். கேட்டதும் பதில் வருகிறது: நாமே தேர்ந்த மணம் இது, சொன்னால் பழியா? அந்தப் பதிலைத் தூக்கிக்கொண்டு தோழி செவிலியிடம் போகிறாள். இலக்கணம் இதற்கு வைத்த பெயர் அறத்தொடு நிற்றல்.

அவள் சொல்லும் கதையில் அவன் மணம் கேட்கும் இடம் எனக்கு மிகப் பிடிக்கும். அழகைப் புகழ்ந்து அவன் கேட்கவில்லை. வாயில் அகலத் திறந்த வீடு, நெய் வழியும் சோறு, வந்தவரெல்லாம் உண்டபின் மிஞ்சியதை உன்னோடு சேர்ந்து உண்பது என்று ஒரு வாழ்க்கையை முன்வைக்கிறான். பிறகு மலையுச்சித் தெய்வத்தைத் தொழுது, சத்தியம் செய்து, அருவிநீரைக் குடிக்கிறான். அவன் உண்டு எழுந்த இலையில் அவள் உண்பது பற்றிய பேச்சே இல்லை. மிச்சிலை இருவரும் ஒன்றாக உட்கார்ந்து உண்கிறார்கள். (சமைப்பது யார் என்று அவனும் சொல்லவில்லை, கபிலரும் சொல்லவில்லை.)

சேர்வராயன் மலையில் வாழவந்திப் பக்கத்திலிருந்து வந்து படித்த ஒரு மாணவிக்கு அந்த மலைத்தெய்வச் சத்தியத்தை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் கேள்வி வேறு: "அவளே ஏம்மா நேரா சொல்லல?"

ஊர்ப்பெயரின் வரலாறு எதுவானாலும், வாழவந்தி என்றதும் என் காதில் 'வாழ வந்தவள்' என்றே விழுகிறது. புகுந்த வீடு மருமகளை அழைக்கும் சொல் அது. போன இடத்தில் நிலைக்காவிட்டால் வாழாவெட்டி. இரண்டுமே அவள் எங்கே போனாள் என்பதை வைத்து அவளை அளக்கின்றன. என்ன விரும்பினாள் என்பதற்கு வீட்டுப் பேச்சில் சொல் இல்லை. சங்கப்பாட்டிலும் அது நேராக வருவதில்லை. தலைவி தோழிக்கு, தோழி செவிலிக்கு, செவிலி நற்றாய்க்கு, நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் என்று கைமாறிக் கைமாறிப் போகிறது. அதுவும் வெறும் விருப்பமாக இல்லை. வேட்டை நாய்கள் சூழ்ந்தன, யானை துரத்தியது, அருவிச்சுழலில் நடுங்கினோம், அவன் காத்தான். 'விரும்பினேன்' என்ற ஒரு சொல்லை வீட்டார் ஏற்க இத்தனை விலங்குகளும் ஒரு வெள்ளமும் தேவைப்படுகின்றன! நன்றிக்கடன் என்றால் மன்னிப்பார்கள். ஆசை என்றால் மாட்டார்கள். உரையாசிரியர்கள் தோழியின் சொல்திறத்தை வியப்பார்கள். அந்தத் திறம் எந்தப் பயத்திலிருந்து வந்தது என்று நாம் கேட்க வேண்டும்.

தோழியே அதைச் சொல்லிவிடுகிறாள். பகைகொண்ட இரு பெருவேந்தருக்கு நடுவில் சமாதானம் பேச நிற்கும் சான்றோரைப்போல இரண்டு அச்சங்களோடு நிற்கிறேன் என்கிறாள். மகளின் காதலை வீட்டில் சொல்வது போரைத் தடுக்கும் வேலையாக இருந்திருக்கிறது.

உவமையாக மட்டும் இதைப் படிக்க எனக்கு முடியவில்லை. 2015 ஜூனில், இதே சேலம் மாவட்டத்து ஓமலூரைச் சேர்ந்த தலித் இளைஞர் கோகுல்ராஜ், உடன் படித்த பெண்ணோடு திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குப் போன இடத்தில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் மதுரை நீதிமன்றம் குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அந்தப் பெண் வழக்கில் பிறழ்சாட்சியானார். அவரைத் திட்டுவது சுலபம். கபிலரின் தோழிக்கு எதிரில் ஒரு செவிலித்தாய் இருந்தாள். சாட்சிக்கூண்டில் நிற்கும் பெண்ணுக்கு எதிரில் சாதியே திரண்டு நிற்கிறது.

குறிஞ்சிப்பாட்டைக் கல்யாணத்தில் முடியும் பாட்டாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது அப்படி முடியவில்லை. அவன் வரும் இரவுவழியில் இருக்கும் புலி, கரடி, யானை, பாம்பு, முதலை எல்லாவற்றையும் எண்ணி அவள் அழுதுகொண்டிருக்கிறாள். கேட்டுக்கொண்டிருந்த செவிலி என்ன சொன்னாள் என்பதைக் கபிலர் பாடவில்லை.